ஜன்னலோர மேஜை

பதினேழாவது மாடி உணவகத்தில் ஜன்னலோர மேஜைதான் வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்று வாங்கியிருக்கிறார். வெளியே மாலை வெயில் எதிர்க் கட்டிடத்துக் கண்ணாடிகளில் பற்றி எரிகிறது. சாலையின் ஹாரன் சத்தம் இவ்வளவு உயரத்துக்கு வருவதில்லை. மகளின் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. "அங்க பாரும்மா, பாலத்து மேல ரயில் போகுது," என்கிறாள் அம்மா. "பாத்துட்டேன்மா." "அந்த மஞ்சள் கிரேன்?" "அதையும் பாத்துட்டேன்." காலையில் ஓட்டல் லிப்டில் ஏறியதிலிருந்து, பாரு பாரு என்று இருவரும் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். அவளுடைய கண்பார்வை அடுத்த வருஷம் மிஞ்சாது என்று டாக்டர் கைவிரித்ததைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. லீவுக்கு ஊர் சுற்ற வந்ததாகத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். பரிமாறுபவர் ஐஸ்கிரீமை வைத்துவிட்டு, "ஊரே தெரியுற இடம் பாப்பா, நல்லா பாத்துக்கோ," என்று சிரிக்கிறார். மகள் தலையாட்டிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்கிறாள். கண்களை இறுக மூடுகிறாள். விரல்கள் மேஜைவிரிப்பின் மேல் மெல்ல ஊர்ந்து, தண்ணீர் டம்ளரைத் தொட்டு, விலகி, கிண்ணத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஸ்பூன் முதலில் கன்னத்தில் இடிக்கிறது. அடுத்த முறை சரியாக வாய்க்குப் போகிறது. "என்னடா பண்ற?" என்கிறார் அப்பா. "இருங்கப்பா," என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. "வீட்டுல தினம் நல்லாத்தான் வருது. இங்க எல்லாம் புது இடத்துல இருக்கா, அதான் கொஞ்சம் தடுமாறுது."