ஆள்காட்டி விரலின் ஐந்தாம் நாள்

இதை முதலில் எனக்குச் சொன்னது என் மூத்தவன் செல்வின். இரண்டு வருஷத்துக்கு முன், லெந்து என்னும் தவக்கால நாட்களில், விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்தபோது சொன்னான்.

ஒரு சுழற்பந்து வீச்சாளர் கையில் ஓர் ஆள்காட்டி விரல் இருந்தது. டெஸ்ட் மேட்சில் நான்கு நாளாகப் பந்தைத் திருகித் திருகி விட்டும் அதற்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஆடுகளம் சிமென்ட் தரை மாதிரி கிடந்தது.

"ஏம்ல இப்படித் தேயுத? என்னை மாதிரிச் சும்மா ஒட்டிக்கிட்டு இரேன்" என்று கட்டைவிரல் கேலி செய்தது.

ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் வெடிப்பு விழுந்தது. பந்து திரும்பத் தொடங்கியது. விரல் ஐந்து பேரைச் சாய்த்துவிட்டது. கடைசி ஓவர், கடைசி ஆள். அவன் நின்றுவிட்டால் மேட்ச் டிரா. ஆனால் பந்தின் தையல் அறுத்து அறுத்து விரலின் தோல் பிளந்திருந்தது.

"அண்ணே, இனி இறுக்குனா என் தையல் உங்க நரம்பை அறுத்துரும். லேசாப் பிடிங்க, நான் நேராப் போயிருதேன்" என்று கெஞ்சியது பந்து.

"நேராப் போறதுக்கா நாலு நாள் தேஞ்சேன்?" என்று சொல்லி, விரல் இறுக்கிப் பிடித்தது.

பந்து திரும்பி, மட்டையில் உரசி, பக்கத்தில் நின்ற ஃபீல்டர் கையில் கேட்ச்சாக விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. வெற்றி என்று காட்ட நிமிர்ந்தது கட்டைவிரல். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விரல் அலறியது பந்துக்கு மட்டும்தான் கேட்டது. அப்புறம் அந்த விரல் மடங்கவே இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யார் கையையாவது குலுக்கினால், கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கள்.