வேலமரத்தில் நீல மூட்டை

ஃபுரைஜா அத்தை கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

விடுதி விருந்தாளிகளைத் தவிர வேறு யாரும் அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தடுக்க வேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குத் தங்கநிறப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை.

"என்னடா லாஃபி, கப்பல் கேப்டன் மாதிரி நிக்கிற. கப்பல எங்க விட்ட?" என்றாள்.

கேலிதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. என் படகு நின்ற மணலில் இப்போது சாய்வு நாற்காலிகள் கிடக்கின்றன.

அத்தை என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். பத்து மாதம் மலையில் ஆடு மேய்த்துவிட்டு, பேரீச்சை பழுக்கிற நேரத்தில் கரைக்கு இறங்கியிருந்தாள். வந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது தன் தோப்புக்குள் நட்டிருந்த சிவப்புக் கொடிகள். அடுத்த விடுதி அங்கேதான் வரப்போகிறது. நாளைக்கு நகரத்தில் விசாரணை. காகிதம் காட்டுகிறவர்களுக்கு நிலம், காட்டாதவர்களுக்கு மலை.

அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. சிரித்த முகமாகவே கைத்தடியைத் தூக்கி மரத்தைக் காட்டினாள். மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள்.

வேலமரத்தில் எட்டு மூட்டைகள் தொங்கின.

மலைக்குப் போகும்போது எங்கள் ஆட்கள் கைச்சுமையை இப்படித்தான் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் ஆனாலும் சரி, மூன்று வருஷம் ஆனாலும் சரி, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். மரத்தில் இருப்பதைத் தொட்டவனுக்கு எங்களில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அவன் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்கவும் மாட்டார்கள்.

விடுதிக்காரர்களுக்கு இந்த வழக்கம் ரொம்பவே பிடித்துப்போனது. மரத்தையும் சேர்த்துக் கயிற்றுக்குள் வளைத்தார்கள். கிளைக்குக் கிளை விளக்குப் போட்டார்கள். கீழே ஒரு பலகை வைத்தார்கள். 'பாலைவன மக்கள் பிறர் பொருளைத் தொடுவதில்லை.' ஈர உடம்போடு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத விருந்தாளியே கிடையாது.

நான் அவளைத் தடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

தடியின் வளைவில் மாட்டி, நீல மூட்டையை அவள் கீழே இழுத்தாள். அது விழுந்த விதமே சரியில்லை. சத்தமே வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தலையணைப் பஞ்சு.

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு யாருடையதையோ பிரித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள் போல. முகம் தெரியாத அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டபடி அவசரமாகத் திரும்பக் கட்டினாள். கட்டும்போதுதான் துணியைத் தடவிப் பார்த்தாள். கடையிலிருந்து வந்த கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகாத புதுத் துணி.

இன்னொன்றை இழுத்தாள். பஞ்சு. மூன்றாவதை இழுத்தாள். அதுவும் பஞ்சு.

நாற்காலியில் படுத்திருந்த ஒரு தம்பதி எழுந்து வந்து கை தட்டினார்கள். அவர்களுக்கு இது மாலை நேர நிகழ்ச்சி.

அத்தை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காகிதம் அதுலதான்டா இருந்துச்சு."

பழைய கம்பளி, கரிபிடித்த கெண்டி, கொஞ்சம் மாவு, அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூட்டையில் வேறு என்ன இருக்கும்?

அவள் அப்பா அந்தத் தோப்பை வாங்கியபோது ஆட்டுத்தோலில் சுற்றி வைத்த காகிதம். பன்னிரண்டு சாட்சிகளின் பெருவிரல் ரேகை. அதில் ஒன்று என் அப்பாவுடையது. பன்னிரண்டு பேரில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

"வீட்டுல வெச்சா எலி கடிக்கும். பெட்டியில வெச்சா கள்ளன் தூக்குவான். மரத்தவிடப் பத்திரமான எடம் எது, நீயே சொல்லு" என்றாள்.

கடல் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது, அதன் சத்தம்கூட என் காதில் விழவில்லை.

அவள் சிதறிய பஞ்சைப் பொறுக்கித் துணிக்குள் திணித்தாள். பிறகு தடியை ஊன்றி எழுந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். தடியால் அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் தோளில் கை வைத்தாள்.

"வெளியூர்க்காரப் பயலுக வேலைடா இது. நம்ம ஆளு எவனாவது மரத்துல கை வைப்பானா? நீ வேலியா நின்னும் இப்பிடி ஆயிருச்சேன்னு மனச விட்றாத."

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். முள் கீறிய தழும்புகள் இன்னும் மறையவில்லை.

கயிற்றுக்கு அடியில் குனிந்து அவள் வெளியே போனாள். போகும்போது பிரித்த மூன்று மூட்டைகளையும் ஒழுங்காகக் கட்டி, மரத்தடியில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் போனாள்.

வேலைக்குச் சேர வந்த அன்று மேனேஜர் என் படிப்பைக் கேட்கவில்லை. மேலே தொங்குகிற பழைய மூட்டைகள் அழுக்காக இருக்கின்றன, படத்தில் நன்றாக விழவில்லை என்றார். கெய்ரோவிலிருந்து வந்த ஆட்கள் முள்ளுக்கும் தேளுக்கும் பயந்துகொண்டு கீழேயே நிற்கிறார்கள், குப்பை வண்டி வருவதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும், உனக்கு மரம் ஏறத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

தெரியும் என்றேன்.