பதிவு செய்யக் கூடாத பாட்டு

மைக்கைப் பாடகியின் உயரத்துக்கு இறக்கும்போது சவுண்ட்காரன் கையில் திருகு வழுக்கியது. மைக் தலை தொங்கிப்போய்த் தரையைப் பார்த்தது.

அவன் முறுக்கி முடிக்கும்வரை அவளே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் படம் ஓடிக்கொண்டிருந்தது. மனித உரிமைத் திரைப்பட விழாவின் கடைசி நாள். படம் பார்த்தவர்கள் கனத்த மனதோடு அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டாமே என்று, தினமும் மாலையில் இந்த முன்கூடத்தில் பாட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தேசத்துப் பாட்டு. முதல் நாளும் கடைசி நாளும் அவளுடையது.

தன் மொழியில் மேடையேறிப் பாடினாலே உள்ளே தள்ளுகிற நாட்டிலிருந்து தப்பி வந்தவள் அவள். வந்த இடத்தில் நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, தன்னைவிடச் சின்னவர்களையெல்லாம் 'தம்பி' என்றே கூப்பிட்டாள்.

முதல் நாள் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். யாரும் பதிவு செய்யக் கூடாது. அன்று பாடப்போகும் பாட்டை எழுதியவன் அவளுடைய சொந்தத் தம்பி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். பாட்டு வெளியே வந்தால், யாருடைய வரி என்று கண்டுபிடித்து நேராக அவன் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

விழாவை நடத்தும் வக்கீலம்மா இதை மேடையிலேயே சொன்னார். கூட்டம் மொத்தமும் போனை அணைத்து உள்ளே வைத்தது. சவுண்ட்காரனும் "சரிக்கா" என்று தலையாட்டினான்.

அப்புறம் அவள் பாடினாள்.

எத்தனையோ கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் கட்டியவன். அப்படி ஒரு குரல் அவன் காதில் விழுந்ததே இல்லை. விரல் தன்னால் பதிவுப் பொத்தானுக்குப் போனது. எனக்கு மட்டும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவனோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு மச்சான் இருந்தான். பெண்டாட்டியின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'மைக்செட்டு' என்றே கூப்பிட்டு வருகிறவன். அவன் வாயை ஒரு தடவையாவது அடைக்கலாம் என்று, சவுண்ட்காரன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பாட்டில் கொஞ்சத்தைப் போட்டான். 'நம்ம வேலை' என்று எழுதியும் வைத்தான்.

மச்சானுக்கு அன்றைக்கென்று பார்த்துப் பெருமை தாங்கவில்லை. தின்ற சோறு செரிப்பதற்குள் அதை ஊர் உலகத்துக்கே போட்டுவிட்டான்.

மறுநாள் சவுண்ட்காரன் அதைப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி அழிக்க வைத்தான். அழித்து என்ன? அதற்குள் யார் யாரோ இறக்கி, யார் யாருக்கோ அனுப்பியாயிற்று.

இன்று சாயந்திரம் டீ குடிக்கும்போதுதான் வக்கீலம்மா சொன்னார். அவள் தம்பியை வகுப்பிலிருந்தே கூட்டிப் போய்விட்டார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையாம். கூட்டத்தில் எவனோ ஒரு படுபாவி போனை ஒளித்து வைத்து எடுத்திருக்கிறான் என்று வக்கீலம்மா பல்லைக் கடித்தார்.

ஆமாம், படுபாவி என்று அவனும் சொன்னான்.

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கையில் மைக்கோடு வந்தான். அழுது சிவந்த கண்ணோடு அவள், சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டாள். முதல் நாள் அவன் போகிற போக்கில் சொன்னதை நினைவில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றும் விசாரித்தாள். விட்டது என்றான். கீழே குனிந்து, சரியாக இருந்த வயரையே மறுபடி சரி செய்தான்.

அவள் அவன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, இன்னைக்கு நான் பாடறதைப் பதிவு பண்ணுங்க. எல்லாரும் பார்க்கற மாதிரி போடுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? அவனை நாலு பேர் தேடறாங்கன்னு தெரிஞ்சாலாவது, உசுரோட விட்டு வைப்பாங்க."

சரிக்கா என்றான். முதல் நாள் சொன்ன அதே சரிக்கா.

அந்த நேரத்திலும் அவன் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் பாரம் கொஞ்சம் இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. இன்றோடு விழா முடிகிறது. சொல்லாமலே போய்விடலாம். அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் தோன்றத்தான் செய்தது.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கலவைப் பலகைக்குத் திரும்பி நடந்தான்.

"அன்னைக்கு எடுத்த மாதிரியே எடுங்க தம்பி," என்றாள் பின்னாலிருந்து. "ஒரு இருமல்கூட இல்லாம, அவ்வளவு சுத்தமா இருந்துச்சு."

அவன் கால் நின்றது.

கூட்டத்தில் உட்கார்ந்து போனில் எடுத்திருந்தால் நாற்காலி கிறீச்சிட்டிருக்கும். பக்கத்து ஆள் தொண்டையைச் செருமியிருப்பான். மைக்கிலிருந்து நேராகப் பலகைக்கு வந்த பாட்டில்தான் பாடுகிறவள் மூச்சைத் தவிர வேறொன்றும் இருக்காது. வாழ்நாளெல்லாம் மைக் முன்னால் நின்றவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதவு திறந்தது. படம் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் அவனைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தாள்.