பரண்மேல் பதினாலு பாட்டில்

கார்த்திகைக்கு அகல் விளக்கு எடுக்கத்தான் ரத்னா பரணில் கையை விட்டாள். கையில் வந்தது ஒரு தைல பாட்டில்.

அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு பெட்டி நிறைய. எண்ணிப் பார்த்தால் பதினாலு!

'நாற்பத்தெட்டே நாளில் கருகரு முடி' என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. ஒன்றில்கூட மூடி திறக்கவில்லை.

வீட்டுக்காரர் கோபாலுக்குத் தலை வழுக்கையாகி இருபது வருஷமாகிறது. வாங்கினவர் தடவவும் இல்லை. அப்போ இது யாருக்கு?

கோபால் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தினம் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பார்.

"பாரு ரத்னா, இன்னிக்கும் அனுப்பிகீறா அந்தப் பிரியா! தைலம் வாங்கு, தைலம் வாங்குன்னு விளம்பர மெயில்! இவங்களுக்கெல்லாம் இன்னா பொழப்போ!"

இப்படித் திட்டுகிற மனுஷனா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்?

அவர் ஷிஃப்டுக்குப் போனதும் ரத்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பேரன் போட்டோ பார்ப்பதற்காக மகன் பிரசன்னா சொல்லிக்கொடுத்திருந்தான். மெயிலைத் திறந்தாள்.

'அன்புள்ள கோபால், உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். இன்னும் எத்தனை நாள் தொப்பிக்குள் மறைப்பீர்கள்? கீழே உள்ள லிங்க்கை அழுத்துங்கள். உங்கள் பிரியா.'

"உங்கள் பிரியாவா? முருகா!"

முப்பது வருஷக் குடித்தனம். ரத்னா ஒரு மூச்சு அழுதாள். முகம் கழுவி விளக்கேற்றிக் கும்பிட்டாள். பிறகு, வந்த கடுதாசிக்குப் பதில் போடாமலிருப்பது மரியாதை இல்லையே என்று ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

'அம்மா பிரியா, நீ நல்லா இருக்கணும். நான் அவர் சம்சாரம். அவர் தொப்பிக்குள்ளே இருக்கிறதை நான் பார்த்துக்கறேன். ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் வீட்டுக்கு வா, பேசித் தீர்த்துக்கலாம். சாப்பிட்டுட்டுப் போகலாம்.'

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்தி மூணு வயசு இருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"நாந்தாம்மா பிரியா. நெசப் பேரு மாரிசெல்வி. முன்ன சாரு லைன்ல வேல பாத்தேன்."

கோபால் கையிலிருந்த பேப்பர் நழுவி விழுந்தது. ரத்னாவை அப்படியே அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மானத்த வாங்கிட்டியேடி! இன்னாத்துக்கு அவளை வரவச்ச?"

"பதினாலு பாட்டில் பரண்ல கீது. எதுக்குன்னு நீங்க சொல்லுங்க."

கோபால் குரலைத் தணித்தார்.

"தை மாசம் எங்க பழைய லைனை மூடுனாங்கல்ல? ஆள் குறைக்கிற லிஸ்டைப் படிச்சவன் நான்தான். மொதப் பேரு அந்தப் பொண்ணுது. ஊரு சங்கரன்கோவில் பக்கம், அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. பணம் குடுத்தேன், வேணாம் சார்னுட்டா. அப்புறம் இந்தத் தைலத்த வித்துக் குடுக்கறேன்னு பிரியான்ற பேர்ல கம்பெனி பூரா மெயில் போட்டா. அவ அனுப்புற லிங்க்கை அமுக்கி வாங்குனாத்தான் அவளுக்குக் கமிஷன். ஒருத்தனும் வாங்கல. அதான் நான்..."

"அப்போ காலைல அந்தக் கத்து கத்துனது?"

"கத்தலன்னா நீ சந்தேகப்பட மாட்டியா?"

ரத்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்! ஓடிப்போய் இலையைப் போட்டாள். வத்தக்குழம்போடு அப்பளமும் பொரித்து வைத்தாள்.

தயிர் வாங்கக் கோபால் கடைக்குப் போனதும், மாரிசெல்வி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன். சாருகிட்ட சொல்லிராதீய. எனக்கு வேற கம்பெனில வேல கெடச்சு அஞ்சு மாசமாச்சு. இந்த மெயில் வேலய அன்னைக்கே விட்டுட்டேன். எல்லாரும் ஏசுனாவ. இப்ப சாரு ஒருத்தருக்கு மட்டுந்தான் அனுப்புதேன்."

"அவருக்கு மட்டும் ஏன் கண்ணு?"

"அவரு ஒருத்தருதாம்மா வாங்குதாரு. மாசம் தவறாம வாங்குதாரு! எம்புட்டு நம்பிக்க இருந்தா வாங்குவாரு? திடீர்னு நிறுத்திட்டா மனசு ஒடஞ்சிராதா?"

ரத்னா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தைலத்த மட்டும் நம்பி விட்டுரலம்மா. வல்லக்கோட்டை முருகன்கிட்ட வேண்டியும் இருக்கேன். சாருக்கு முடி மொளச்சிட்டா, இந்தத் தலைய மொட்ட போடுதேன்னு!"

ரத்னாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இலையோரம் வரை தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கருகருப் பின்னலையே பார்த்தாள்.

அன்று சாயங்காலமே பதினாலு பாட்டிலையும் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளினாள். கார்த்திகை தீபத்தன்று முதல் விளக்கை ஏற்றிவிட்டு, முப்பது வருஷத்தில் ஒருநாளும் வேண்டாததை மனமுருகி வேண்டிக்கொண்டாள்.

"முருகா, இவர் தலை கடைசி வரைக்கும் இப்படியே வழுக்கையா இருக்கணும்ப்பா!"