ஓரத்து முகங்கள்

"ஓரத்துல நிக்கிறவன் மூஞ்சி பூசணிக்காயாட்டம் இழுபட்டுப் போகும், கிராணி. உங்க கான்டாக்ஸ் வேணாம்."

ஈப்போவிலிருந்து வரவழைக்கப்பட்ட போட்டோக்காரர் ஹுசைன், தன் லைக்கா கேமராவைத் தாங்கியில் வைத்து முடுக்கினார்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் விடவில்லை. "உங்க லென்ஸ் முப்பத்தஞ்சு மில்லி. என்னுது இருபத்தெட்டு, இன்னும் அகலமா விழும். அகலம் போதலைன்னு ஈப்போ சிலிபின் ரோட்டுக் கடையில நீங்களே எத்தனை தடவை அழுதிருக்கீங்க, பாய்?"

"அது கல்யாணக் கூட்டத்துக்கு."

"இது அதைவிடப் பெரிய காரியம்."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆண்கள் மூன்று வரிசையாக இருந்தார்கள். முன்னால் குந்தியவர்கள், நடுவில் நின்றவர்கள், பின்னால் பெஞ்சுமேல் ஏறியவர்கள். தொண்ணூற்றிரண்டு பேர். வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடியபோது ஆட்களின் பேர் எழுதிய செக்ரோலை எரித்துவிட்டுப் போனான். அதனால் ஜப்பான்காரன் படம் எடுக்கச் சொன்னான். படத்தில் முகம் இருப்பவனுக்கு அரிசி. பிலிம் தட்டுப்பாடு, ஒரே படம்தான்.

ஹுசைனின் முதுகுக்குப் பின்னால் ரப்பர்ப் பால் ஸ்டோரின் சுவர். ஓரடிகூடப் பின்னால் போக முடியாது. லைக்காவில் பார்த்து, தரையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர்.

இடது கோடியில் பிச்சைமுத்து. ஜெயபாலனின் தங்கை கருப்பம்மாளின் புருஷன். அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று அவளுக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டது.

"மச்சான், நாங்க படத்துல விழுவோமா?" பிச்சைமுத்து கத்தினான்.

"விழுவீங்க, மாப்ள. பேசாம நில்லுங்க."

ஜெயபாலன் கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தான். துரை விட்டுப்போன கான்டாக்ஸ். ஒன்றரை வருஷமாக அரிசிப் பானைக்குள் ஒளிந்திருந்தது. பானைக்கு வேறு வேலை இல்லை. ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் இது திரும்பி வராது என்று தெரிந்தேதான் எடுத்து வந்திருந்தான்.

"துவாரம் எட்டுக்கு மேல திறக்காத லென்ஸு," என்றார் ஹுசைன். "இந்த மூட்டத்துல என்ன விழும்? மூலையெல்லாம் இருட்டடிக்கும். என்னுது மூணரைக்குத் திறக்கும்."

"ஆடாம நின்னா அரை செகண்டு கொடுக்கலாம். லைக்காப் பெருமையை இன்னிக்காவது விடுங்க லா."

"ரெண்டு பேரும் கேமராவைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறாங்கடோய்," என்றான் பெஞ்சுமேல் நின்ற சீனி. கூட்டம் சிரித்தது. சிரிக்கவும் தெம்பில்லாத சிரிப்பு.

ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினான். "கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்துல போன மாசம் இதே மாதிரி எடுத்தீங்களாமே. அரிசி வந்துச்சா?"

ஹுசைன் பக்கவாட்டில் பார்த்தார். மொழிபெயர்க்க ஜப்பான் அதிகாரியோடு வந்த துபாஷி இரண்டடி தள்ளி நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். தமிழன். இவர்கள் பேச்சையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க இப்ப யாரும் பசின்னு சொல்றதில்ல," என்றார் ஹுசைன்.

"அப்புறம் என்ன?"

ஹுசைனின் செருப்பு ஜெயபாலனின் காலை மிதித்தது. தெரியாமல் பட்டிருக்கும்.

"சொன்னா கேளுங்க, கிராணி. ஓரத்துல உள்ளவங்க ஓரத்துலயே இருக்கட்டும். படம் கெட்டா என் பேரு கெடும்."

பதினெட்டுக் குடும்பம் பட்டினி கிடக்கிறது. இந்த மனிதருக்குப் பேர் பெரிதாகப் போய்விட்டது. ஜெயபாலனுக்கு வாய் கசந்தது.

அவன் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் நேராகப் போனான். இடுப்பு வரை குனிந்தான். கான்டாக்ஸை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இனி லெபே லெபார், துவான்." இது இன்னும் அகலமானது என்று மலாயில் சொன்னான்.

அதிகாரி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லென்ஸைச் சுற்றியிருந்த எழுத்துகளை வாசித்தான். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். ஹுசைனிடம் கொடுக்கும்படி சைகை காட்டினான்.

ஹுசைன் ஒற்றைக் கையால் வாங்கினார். கேமரா நழுவியது. கீழே கல். ஜெயபாலன் பாய்ந்து விழுந்து, அது தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டான். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"பதினெட்டுப் பேரு சோத்துல மண்ணைப் போடப் பாத்தீங்களே, பாய்!"

ஹுசைன் அதை அவன் கையிலிருந்து வாங்கினார். கான்டாக்ஸைத் தாங்கியில் பொருத்தினார். காலால் சுண்ணாம்புக் கோடுகளை அழித்தார்.

"யாரும் ஆடாதீங்க," என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஜெயபாலன்தான் உரக்கத் திரும்பச் சொன்னான்.

தொண்ணூற்றிரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். யாரும் ஆடவில்லை.

போகும்போது அதிகாரி கான்டாக்ஸைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். ஜெயபாலன் வருத்தப்படவில்லை. ஹுசைன் அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே லாரியில் ஏறிப் போனார்.

பத்தாம் நாள் காலையில் மூன்று லாரிகள் வந்தன. அரிசி என்று பெண்கள் சாக்கோடு ஓடினார்கள். கருப்பம்மாளும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

லாரிகள் காலியாக இருந்தன.

துபாஷி பெரிதாக்கிய படத்தை ஜெயபாலனிடம் நீட்டினான். "சயாமுல ரயில் பாதை போட ஆள் வேணும். கோலா கங்சார்ல பிடிச்சது பத்தல. மூஞ்சியைப் பாத்து ஒவ்வொருத்தன் பேரா கூப்பிடு, கிராணி. படத்துல இல்லாதவன் வீட்டுக்குப் போகலாம்."

படத்தில் இல்லாதவன் ஒருவன்கூட இல்லை; பாய் கோட்டுக்கு வெளியே விட்டிருந்த பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். இடது ஓரத்தில் பிச்சைமுத்துவின் முகம், பாய் சொன்னபடி, கொஞ்சம் இழுபட்டுத்தான் இருந்தது; அடையாளம் தெரியாமல் போகும் அளவுக்கு இல்லை.