ஐந்து பேருக்கு ஒரு டிக்கெட்

விரல்கள் மட்டும் இருந்தன.

தாரிணியின் தோளில் நான்கு விரல்கள். அவற்றை ஒட்டி கிளிப்பச்சை ஜாக்கெட்டின் கைநுனி, ஓர் அங்குலம். அதோடு படம் முடிந்துவிட்டது.

படத்தில் முகமே இல்லாத அவள், கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். தன்னுடைய விரல்கள்தான். மோதிர விரலில் கத்தரிக்காய் நறுக்கும்போது பட்ட தழும்புகூடத் தெரிந்தது.

தாரிணி, ஷெரின், குகன், அஸ்வத். நால்வரும் கறுப்புக் கோட்டு. பின்னால் டிரெஸ்டன் நகரத்துப் பெரிய தேவாலயம். தாரிணி படத்தைப் போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் யாரோ கேட்டிருந்தார்கள், அது யாருடைய கை என்று.

பேய் என்று பதில் போட்டிருந்தாள் தாரிணி. கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

பேய், அந்த நால்வரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அதே ரயிலில்தான் இருந்தது. நால்வரும் எதிரெதிராக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்க, நடைபாதைக்கு இந்தப் பக்கம், தனி இருக்கையில்.

காலையில் அந்தத் தேவாலயத்தின் முன்னால், வழியில் போன ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஐந்து பேரும் வரிசையாக நின்றபோது தாரிணி சொன்னாள்.

"நீ ஓரமா நில்லுடி. அப்பத்தான் வெட்ட வசதியா இருக்கும். இந்தப் பச்சையோட யாரு போட்டோ போடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தோளில் வேறு கை போட்டாள்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் கைபேசியை மடியில் கவிழ்த்துப் போட்டாள்.

சனி, ஞாயிறு, இரண்டு நாள் பயணம். விடுதி பார்த்ததிலிருந்து, வழிக்குச் சப்பாத்தி சுட்டு ஃபாயிலில் சுருட்டியது வரை அவள்தான். சப்பாத்தி எல்லோருக்கும் பிடித்திருந்தது.

டிக்கெட்டும் அவள் பெயரில்தான். இன்று, ஞாயிறு முழுக்க, ஐந்து பேர் போய் வரலாம், ஒரே டிக்கெட். ஆனால் ஒருவர் பெயரில் எடுக்க வேண்டும். அந்த ஒருவர் கூடவே இருந்து பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் மற்றவர்களுக்கும் அது செல்லும். உன் பெயரிலேயே எடு, நீதான் எதையும் தொலைக்க மாட்டாய் என்று தாரிணிதான் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட அசடு இவள்.

வியாழக்கிழமை தாரிணிக்கு விசா நீட்டிப்பு. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கோப்பில் ஏறிவிடும், விசா இழுபடும் என்று வெளிநாட்டில் படிக்கிற நம் பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. மெய்யோ பொய்யோ, தாரிணிக்கு அந்தப் பயம் நிறைய இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள்.

சாப்பிட்டாயா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

படிக்கிற ஊரான கெம்னிட்ஸில் இருவருக்கும் ஒரே அறை. பிப்ரவரிக் காய்ச்சலில் தாரிணி சுருண்டு கிடந்தபோது மிளகு ரசம் வைத்து, ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தவை இந்த விரல்கள்தான்.

கோபம் வந்தது. தாமதமாக வந்தாலும் நன்றாகவே வந்தது.

பெட்டியின் மறுகோடியில் கதவு திறந்தது. நீலச் சீருடையில் டிக்கெட் பரிசோதகர். இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் நான்கு இருக்கை தள்ளி இருக்கும்போது ரயில் வேகம் குறைந்தது. ஃப்ரைபெர்க் நிலையம். பாதி தூரம்.

தாரிணி தலை நிமிரவில்லை. கையை மட்டும் நடைபாதைப் பக்கம் நீட்டிச் சொடக்குப் போட்டாள்.

எடு என்று அர்த்தம்.

அவள் எழுந்தாள். மேலே இருந்த பையை இறக்கினாள். பாஸ்போர்ட்டை எடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அந்தப் பையில்தான் இருந்தன.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை நடந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

இறங்கினாள்.

வெளியே நல்ல குளிர். கிளிப்பச்சை ஜாக்கெட் குளிருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

திரும்பி ஏறிவிடலாம். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. இன்றைக்கும் அதே அறைக்குத்தான் போக வேண்டும். அதே அடுப்பில்தான் சமைக்க வேண்டும். ஒரு கணம் கால் கதவுப் பக்கம் திரும்பியது.

சொடக்குச் சத்தம் காதில் இருந்தது. கால் நின்றது.

ஷெரின்தான் முதலில் பார்த்தாள். கண்ணாடியைத் தட்டினாள். மற்ற மூவரும் திரும்பினார்கள்.

அவள் கைபேசியை உயர்த்தினாள். நெருங்கி வாருங்கள் என்று கையால் காட்டினாள்.

பழக்கதோஷம். நான்கு தலைகளும் ஜன்னலில் கூடின. குகன் இரண்டு விரலைத் தூக்கினான். தாரிணி நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, எப்போதும் காட்டும் பக்கமாக முகத்தைச் சாய்த்துச் சிரித்தாள்.

எடுத்தாள்.

கதவு மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தபோது தாரிணியின் வாய் எதையோ கத்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதற்கும் இதே டிக்கெட் செல்லும். பெஞ்சில் உட்கார்ந்து படத்தைத் திறந்தாள்.

நன்றாக வந்திருந்தது. நால்வரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு நீலச் சீருடையின் கைநுனி. தாரிணியின் தோளுக்கு மேலே ஓர் உள்ளங்கை, விரித்து நீட்டியபடி.

ஐவரும் இருந்த குழுவில் படத்தைப் போட்டாள்.

அந்தக் கையை வெட்டவில்லை.