மரத்தின் மறுபக்கம்

நெட்டையனுக்குக் கான்ட்ராக்டர் தர வேண்டிய கூலி பாக்கி எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மலையேற வருகிறவர்கள் வழி தவறாமலிருக்க, காட்டுப்பாதை நெடுக மரங்களில் சிவப்புக் குறி தீட்டிய கூலி. நான்கு மாதம் இழுத்தடித்தவர், "குறியைக் கண்ணால பார்த்தாதான் காசு" என்று இன்று கூடவே ஏறினார்.

"வழுக்கும்ங்க. திரும்பாம, முன்னால பார்த்தே நடங்க" என்றான் நெட்டையன்.

இரண்டு மணி நேரமாகியும் ஒரு குறிகூடத் தென்படவில்லை.

"எனக்கே காது குத்துறியா? சல்லிக்காசு தரமாட்டேன்!"

"சரிங்கய்யா. நீங்களே வழி கண்டுபிடிச்சு இறங்குங்க." நெட்டையன் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

எதிரே மூன்று பாதைகள் பிரிந்தன. பனி இறங்கிக்கொண்டிருந்தது. புதருக்குள் ஏதோ உறுமியது. கான்ட்ராக்டர் பாறையருகே நகர்ந்து வந்தார்.

"விளையாடாதே நெட்டை. வீட்டுல பிள்ளைங்க காத்திருக்கும்."

"என் வீட்டுலயும்தாங்க. நாலு மாசமா."

கான்ட்ராக்டர் பணத்தை எடுத்து நீட்டினார். நெட்டையன் எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருந்த ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப திரும்பிப் பாருங்க."

வந்த வழியில் ஒவ்வொரு மரத்தின் மறுபக்கத்திலும் சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது.

"இது சுத்துப்பாதைங்க. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்துவாங்க, அவங்க பார்க்கிற பக்கம்தான் குறி போடுவோம். நான் உங்களைத் தலைகீழா கூட்டிட்டு வந்தேன். மாசாமாசம் நடந்து பார்த்ததா கையெழுத்துப் போடுறீங்களே, ஒரு தடவையாவது நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கான்ட்ராக்டர் அந்த ஐம்பதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கணக்கு தீர்ந்துச்சுங்கய்யா. குறியைப் பார்த்தே இறங்குங்க, நான் பின்னால வர்றேன்."